முத்துக் குளிப்பும் கொழுப்புக் கணக்கும்

போன மாதம் ஒரு சாயங்காலம் எங்கள் தெரு ஆச்சி ஒருவர் தன் பேத்தியைக் கையோடு கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "அண்ணாச்சி, இவ ராத்திரிச் சோறே திங்க மாட்டேங்கா. நீங்க சயின்ஸ் வாத்தியாரு. நீங்களாவது கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். 800 மீட்டர் ஓடுகிறவள். கையில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தாள். ஏதோ ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் மெஷின்மேல் ஏறி நின்றபோது அச்சடித்துக் கொடுத்ததாம். எடை 50 கிலோ, உடல் கொழுப்பு 24 சதவீதம், பக்கத்திலேயே 'அதிகம்' என்று ஒரு குறி. அதைப் பார்த்த யாரோ, "18க்குக் கீழே கொண்டு வந்தால்தான் நேரம் குறையும்" என்று சொல்லிவிட்டார்கள். அன்றோடு ராத்திரிச் சாப்பாடு நின்றுபோயிற்று.

"மெஷின் பொய் சொல்லுமா தாத்தா?" என்று கேட்டாள்.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. வகுப்பில் வருஷா வருஷம் ஆர்க்கிமிடிஸ் தத்துவம் நடத்தியவன்தான். ஆனால் உயிரோடு இருக்கிற ஒரு மனுஷியின் உடம்பில் எத்தனை கிலோ கொழுப்பு என்பதை எப்படி அளக்கிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பிறகு உட்கார்ந்து வாசித்தேன். அந்தக் கதை கடலில் மூழ்குகிறவர்களிடமிருந்து தொடங்குகிறது என்று தெரிந்தபோது, நம் கடற்கரைக்காரர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

தூத்துக்குடிச் சலாபம் நம்மில் சிலருக்காவது நினைவிருக்கும். 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புதான் கடைசி. அதற்குப் பிறகு பார்களில் சிப்பி விளையவில்லை என்று குளிப்பே இல்லாமல் போயிற்று. குளிக்கிறவர் காலில் ஒரு கல்லைக் கோத்துக்கொண்டு இறங்குவார். கல் எதற்கு? நெஞ்சு நிறைய மூச்சை அடக்கியவன் தானாக மூழ்க மாட்டான், மிதப்பான். நம் கோயில் வாசல் கடலில் குளித்தவர்களுக்கெல்லாம் இது தெரியும். மூச்சை இழுத்துப் பிடித்தால் உடம்பு மேலே வரும், விட்டால் கீழே போகும். காற்று மிதக்க வைக்கிறது. கொழுப்பும் தண்ணீரைவிட லேசானது, அதுவும் மிதக்க வைக்கும். எலும்பும் தசையும் கீழே இழுக்கும். கொழுப்பை அளக்கும் விஞ்ஞானம் முழுவதும் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் கட்டப்பட்டது.

நம் குளிப்பாளிகள் ஒரே மூச்சில் இறங்கி ஏறினார்கள். மேல்நாட்டுக் கடற்படைகளில் குழாய் வழியாக அழுத்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு வெகுநேரம் ஆழத்தில் வேலை செய்தார்கள். அப்படி இருக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைந்துவிடும். அவசரமாக மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி அது குமிழியாகக் கிளம்பி மூட்டுகளிலும் நரம்புகளிலும் போய் அடைக்கும். ஆள் முடமாகலாம், சாகவும் செய்யலாம். இந்த நைட்ரஜன் தண்ணீரைவிடக் கொழுப்பில் சுமார் ஐந்து மடங்கு கூடுதலாகக் கரையும். ஆகவே கொழுப்பு அதிகமுள்ள மூழ்காளிக்கு ஆபத்தும் அதிகம். யார் உடம்பில் எவ்வளவு கொழுப்பு என்பது கடற்படைக்கு உயிர் போகும் கேள்வியாயிற்று.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பெங்கி. 1939இல் ஸ்குவாலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கியபோது 33 பேரை உயிரோடு மீட்டார்கள். அந்தக் கப்பலைத் தூக்கும் பணியில் மூழ்காளிகளுக்கு ஹீலியம் கலந்த காற்றைக் கொடுத்ததில் இவருக்குப் பங்கு உண்டு. 1942இல் அவரும் அவருடைய கூட்டாளிகளும் கடற்படை ஆட்களைத் தண்ணீருக்குள் முழுக்கி எடைபோட்டு உடலின் அடர்த்தியைக் கண்டுபிடித்தார்கள். தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் 25 பேரையும் அதே மாதிரி அளந்தார்கள். உயரம் எடைப் பட்டியலின்படி அவர்களில் 17 பேர் குண்டு, படைக்கு லாயக்கில்லை. தண்ணீருக்குள் பார்த்தால் அவர்களுடைய அடர்த்தி மிக அதிகம். எடை முழுவதும் தசை! பட்டியல் பொய்த்தது, தண்ணீர் ஜெயித்தது. அன்றிலிருந்து நீருக்கடி எடை என்பதே ஆய்வுக்கூடங்களின் தராசாக ஆயிற்று.

ஆனால் தண்ணீர் சொல்வது அடர்த்தியை மட்டும்தான். அடர்த்தியைக் கொழுப்புச் சதவீதமாக மாற்ற ஒரு கணக்கு வேண்டும். அதைக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் கலிபோர்னியாவில் பெர்க்கலி விஞ்ஞானி வில்லியம் சிரி. மலையேறுகிறவரும்கூட. 1963இல் எவரெஸ்ட் ஏறிய அமெரிக்கக் குழுவில் துணைத் தலைவராக இருந்தவர். அவருடைய சூத்திரம் எளியது. 495ஐ அடர்த்தியால் வகுத்து 450ஐக் கழித்தால் கொழுப்புச் சதவீதம் கிடைக்கும். கொழுப்பின் அடர்த்தி 0.9, கொழுப்பு நீங்கிய மீதி உடம்பின் அடர்த்தி 1.1 என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது.

0.9 பரவாயில்லை, கொழுப்பு யார் உடம்பிலும் கொழுப்புதான். அந்த 1.1தான் வம்பு. மீதி உடம்பு என்பது தண்ணீர், புரதம், எலும்பிலுள்ள தாது எல்லாம் சேர்ந்தது. இவை எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் இருக்கும் என்பது அனுமானம். அதற்கு ஆதாரமாக அந்தக் காலத்தில் வேதியியல் முறையில் முழுசாகப் பகுத்துப் பார்த்த சடலங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மினசோட்டாவில் பிரோசெக் முதலானவர்கள் 1963இல் வெளியிட்ட இன்னொரு புகழ்பெற்ற சூத்திரம் மூன்று சடலங்களின் கணக்கை வைத்து எழுந்தது. மூன்றும் ஆண்கள். இந்த அனுமானத்தால் மட்டுமே ஒரு தனி ஆளின் கணக்கில் கிட்டத்தட்ட 4 சதவீதம் இப்படியோ அப்படியோ தவறலாம் என்று சிரியே எழுதிவைத்தார். சூத்திரம் உலகம் முழுக்கப் போயிற்று. எச்சரிக்கை அவ்வளவு தூரம் போகவில்லை.

இதை ஒரு பெண் ஓட்டக்காரியின் உடம்பில் வைத்துப் பார்ப்போம். நானே காகிதத்தில் போட்ட கணக்கு, பழைய மாணவர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதலில் மூச்சு. தண்ணீருக்குள் எடைபோடும்போது மூச்சை முழுதும் வெளியேவிடச் சொல்வார்கள். எவ்வளவு விட்டாலும் நுரையீரலில் ஒரு லிட்டருக்கு முன்பின் காற்று தங்கும். அதைத் தனியாக அளந்து கழிக்க வேண்டும். அந்த அளவில் 100 மில்லி, அதாவது அரைத் தம்ளர் தவறினால் என்ன ஆகும்? 100 கிலோ ஆணுக்கு விடையில் அரைச் சதவீதம் மாறும். 50 கிலோ பெண்ணுக்கு ஒரு சதவீதம் முழுசாக மாறும். ஆள் சிறுசாக இருந்தால் அதே தவறு பெரிசாகத் தெரியும். போதாததற்கு, தலைவரை முங்கி, மூச்சை முழுசாக விட்டுவிட்டு அசையாமல் இருப்பது பழக்கமில்லாதவர்களுக்கு லேசில் வராது.

அடுத்தது எலும்பு. ஒரு பெண்ணுக்கு உண்மையில் 15 சதவீதம் கொழுப்பு என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய எலும்பு நல்ல திண்மை, மீதி உடம்பின் அடர்த்தி 1.11 என்றால் சூத்திரம் அவளுக்கு 11.6 சதவீதம் என்று சொல்லும். எலும்பு தாதுவை இழந்து அந்த அடர்த்தி 1.09க்கு இறங்கியிருந்தால் அதே சூத்திரம் 18.5 என்று சொல்லும். இரண்டு பேருக்கும் கொழுப்பு ஒன்றுதான். சீட்டில் மட்டும் ஏழு சதவீத வித்தியாசம்.

இது காகிதக் கணக்கோடு நிற்கிற விஷயமில்லை. 1984இல் பார்பரா டிரிங்க்வாட்டர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் குழுவினரும் மாதவிலக்கு நின்றுபோன 14 வீராங்கனைகளையும், ஒழுங்காக வருகிற 14 வீராங்கனைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நின்றுபோனவர்களுக்குச் சராசரி வயது 25. முதுகெலும்பின் திண்மையோ 51 வயதுப் பெண்ணுக்கு இருக்க வேண்டிய அளவில் இருந்தது. யோசித்துப் பாருங்கள். பட்டினி கிடந்து எலும்பு தேய்கிற பெண்ணைத்தான் தண்ணீர்த் தொட்டி "உனக்குக் கொழுப்பு அதிகம்" என்று சொல்லும். தேய்ந்த எலும்பைக் கொழுப்பாகக் கணக்கெழுதிவிடுகிறது. அதை நம்பி அவள் இன்னும் குறைத்துச் சாப்பிட்டால், எலும்பு இன்னும் தேயும்.

தொட்டி எல்லா ஊரிலும் கிடைக்காது. அதனால் தோலைக் கிள்ளி அளக்கும் காலிப்பர் வந்தது. கிளாஸ்கோவில் டர்னினும் வோமர்ஸ்லியும் 1974இல் 209 ஆண்கள், 272 பெண்களை நான்கு இடங்களில் கிள்ளி அளந்து ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். 1980இல் ஜாக்சன், பொல்லாக், வார்டு மூவரும் பெண்களுக்கென்றே தனிச் சூத்திரம் தந்தார்கள். காலிப்பர் செலவில்லாதது, அனுபவமுள்ள கை பிடித்தால் நல்லது. ஆனால் இந்தச் சூத்திரங்கள் எதோடு ஒப்பிட்டு எழுதப்பட்டவை? நீருக்கடி எடையோடு. அதாவது அந்த 1.1 இங்கேயும் பின்வாசல் வழியாக நுழைந்துவிட்டது. நகலில் மூலத்தின் பிழையும் இருக்கும், நகலெடுத்தவர் பிழையும் சேரும்.

1980களின் கடைசியில் இரட்டை எக்ஸ்ரே முறை, டெக்ஸா என்பார்கள், வந்தது. எலும்பின் திண்மை பார்க்க வந்த மெஷின் அது. இரண்டு வித எக்ஸ்ரே கதிர்கள் உடம்பைத் தாண்டும்போது எவ்வளவு மங்குகின்றன என்று பார்த்து எலும்பு, கொழுப்பு, மற்றது என்று பிரித்துச் சொல்லும். எலும்பைத் தனியே பார்ப்பதால் மேலே சொன்ன பிழை பெருமளவு நீங்குகிறது. ஆனால் ஒரு கம்பெனி மெஷினும் இன்னொரு கம்பெனி மெஷினும் ஒரே ஆளுக்கு ஒரே எண்ணைச் சொல்வதில்லை. சாப்பிட்டுவிட்டோ, வியர்த்து நீர் வற்றியோ போய்ப் படுத்தாலும் எண் நகரும். 1990களில் முட்டை வடிவப் பெட்டிக்குள் உட்கார வைத்து, தண்ணீருக்குப் பதில் காற்றைக் கொண்டு கனஅளவு பார்க்கும் கருவியும் வந்தது. முங்க வேண்டிய தொல்லை இல்லை, ஆனால் அதே 1.1.

நம் பிள்ளை ஏறி நின்ற மெஷின் இவற்றில் எதுவுமில்லை. அது உள்ளங்கால் வழியாக உறைக்காத சிறு மின்சாரத்தைச் செலுத்துகிறது. தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், கொழுப்பு அவ்வளவாகக் கடத்தாது. தடை எவ்வளவு என்று பார்த்து உடம்பிலுள்ள தண்ணீரை மதிப்பிடுகிறது. கொழுப்பு நீங்கிய உடம்பில் சுமார் 73 சதவீதம் தண்ணீர் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. 1945இல் கினியாப் பன்றி போன்ற பிராணிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி அதற்கு முக்கிய ஆதாரம். அதோடு வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதையும் கேட்டுக்கொண்டு, யாரோ எப்போதோ எழுதிய சமன்பாட்டில் போட்டு எண்ணைத் துப்புகிறது. சில மெஷின்களில் 'விளையாட்டு வீரர்' என்று தனிப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் அதே உடம்புக்கு வேறு எண் வரும். ஓடிவிட்டு வந்து நின்றால் ஒன்று, தண்ணீர் குடித்துவிட்டு நின்றால் ஒன்று. மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் உடம்பு நீர் கட்டுவது பெண்களுக்குத் தெரிந்ததே. அதையும் மெஷின் அறியாது.

சரி, அளவு இப்படி இருக்க, 18 என்றும் 22 என்றும் எல்லைக்கோடு எங்கிருந்து வருகிறது? ஹார்வர்டில் ரோஸ் ஃபிரிஷ் என்ற விஞ்ஞானி 1974இல் ஜேனட் மெக்ஆர்தர் என்ற மருத்துவரோடு சேர்ந்து ஒரு கருத்தை வெளியிட்டார். ஒரு பெண் பெரியவளாவதற்குக் குறைந்தது 17 சதவீதமும், மாதவிலக்கு ஒழுங்காக வருவதற்கு 22 சதவீதமும் கொழுப்பு வேண்டும் என்றார். அது புகழ்பெற்றது. ஆனால் அந்தச் சதவீதங்கள் யாரையும் தொட்டியில் முக்கி அளந்தவை அல்ல, உயரத்தையும் எடையையும் வைத்து உடம்பின் தண்ணீரை மதிப்பிட்டு, அதிலிருந்து கணக்கிட்டவை. பிறகு வந்தவர்கள் வீராங்கனைகளை அளந்தபோது, 17க்குக் கீழே உள்ளவர்களில் ஒழுங்காக வருகிறவர்களும் இருந்தார்கள், 22க்கு மேலே இருந்தும் நின்றுபோனவர்களும் இருந்தார்கள்.

கொழுப்பின் அளவு காரணமில்லையென்றால் எது காரணம்? ஆன் லவுக்ஸ் என்ற ஆய்வாளர் அதைச் சாப்பாட்டில் தேடினார். நாள் முழுவதும் உண்ட சக்தியில் பயிற்சிக்குச் செலவானதைக் கழித்தால் மிஞ்சுவது எவ்வளவு? கொழுப்பு நீங்கிய உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் 30 கிலோகலோரிக்குக் கீழே மிச்சம் இறங்கினால், ஐந்தே நாளில் மாதவிலக்கை நடத்தும் ஹார்மோன் துடிப்பு தடுமாறுகிறது என்று 2003இல் காட்டினார். 45 அளவில் இருந்தால் உடம்பு நிம்மதியாக இருக்கும் என்பது பொதுவான கணக்கு. 1992இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவர்கள் சாப்பாட்டுக் குறை, மாதவிலக்குக் கோளாறு, எலும்புத் தேய்வு மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டி வீராங்கனைகளின் முக்கோணம் என்று பெயர் வைத்தார்கள். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதை இன்னும் விரித்து, ஆண்களையும் சேர்த்தது.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. நம் பிள்ளைக்கு 24 சதவீதம் என்றால் மீதி உடம்பு 38 கிலோ. உண்மையில் 18 சதவீதமாக இருந்தால் 41 கிலோ. முப்பதால் பெருக்கினால் 1,140, 1,230. வித்தியாசம் 90 கலோரி, ஒன்றரை இட்லி. கொழுப்புச் சதவீதம் ஆறு தவறினாலும் அவள் சாப்பிட வேண்டிய அளவு அநேகமாக மாறவில்லை! இந்த அளவும் பயிற்சிக்கான சாப்பாட்டைக் கழித்துவிட்டு வயிற்றுக்கு மிஞ்ச வேண்டியது, அதுவும் அடிமட்டம்.

நம் நாட்டு உடம்பு வேறு மாதிரி என்பதையும் சொல்ல வேண்டும். 2004இல் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யட்கினும் லான்செட் பத்திரிகையில் தங்கள் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றுதான், 22.3. டெக்ஸாவில் வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம் கொழுப்பு, நம்மவருக்கு 21.2. ஆகவே அங்கே எழுதிய சமன்பாட்டை இங்கே அப்படியே ஒட்டக்கூடாது. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் இதை முறையாகச் சோதித்தார்கள். அடர்த்தி, தண்ணீர், எலும்புத் தாது மூன்றையும் தனித்தனியே அளந்து கூட்டும் நான்கு கூறு முறையோடு, மற்ற மெஷின்களை நம் நாட்டு ஆட்களில் ஒப்பிட்டு 2014இல் வெளியிட்டார்கள். இன்றைக்கு நம்பத்தக்கது அந்த நான்கு கூறு முறைதான். அதற்கு ஒரு நாளும், ஒரு ஆய்வுக்கூடமும், பெரும் செலவும் வேண்டும். எந்தச் சூழலுக்கும் பொருந்தும் ஒரே தங்க அளவுகோல் என்று எதுவும் இல்லை என்று ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர் குழுவே 2012இல் எழுதியிருக்கிறது.

2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகாட் 50 கிலோ பிரிவில் 100 கிராம் கூடுதல் என்று இறுதிப் போட்டிக்கு முன் நீக்கப்பட்டது எல்லாருக்கும் நினைவிருக்கும். தராசு 100 கிராமைச் சரியாகப் பிடித்துவிடும். கொழுப்பு மெஷின் அப்படியல்ல. 50 கிலோ பெண்ணுக்கு 4 சதவீதப் பிழை என்றால் இரண்டு கிலோ, அந்த 100 கிராமைப் போல இருபது மடங்கு. இரண்டும் ஒரே மாதிரித் தசமப் புள்ளி வைத்து அச்சடித்து வருவதால் இரண்டும் ஒரே நம்பகம் என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள்.

நம் பி.டி. உஷாவையும் நினைத்துக்கொள்கிறேன். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒரு வினாடியில் நூற்றில் ஒரு பங்கில் வெண்கலத்தை விட்டார். அங்கே கஞ்சியும் ஊறுகாயும்தான் தனக்குக் கிடைத்த சாப்பாடு என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அவருக்குக் குறைவாயிருந்தது கொழுப்பு அளக்கும் மெஷின் அல்ல.

அப்படியென்றால் அளக்கவே வேண்டாமா? வேண்டும். ஒரே மெஷின், ஒரே காலை நேரம், வெறும் வயிறு, அளக்கிறவரும் ஒரே ஆள் என்று வைத்துக்கொண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால், ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரியும். எண்ணின் போக்கை நம்பலாம். ஒரு நாளைய எண்ணை வைத்து ஒரு பிள்ளையை 'அதிகம்' என்று முத்திரை குத்தக்கூடாது.

போன வாரம் ஆச்சியையும் பேத்தியையும் மறுபடி கூப்பிட்டு உட்கார வைத்து இதையெல்லாம் சொன்னேன். "மெஷின் பொய் சொல்லலை. அது உன் கொழுப்பைப் பார்க்கவே இல்லை. உன் தண்ணியைப் பார்த்துட்டுக் கொழுப்பைக் கணிச்சிருக்கு" என்றேன். பிள்ளை பேசாமல் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நான் உள்ளே போய் என் வீட்டுக்காரியை அனுப்பினேன். பெண்கள் மூவரும் கொஞ்ச நேரம் தனியாகப் பேசினார்கள். மூன்று மாதமாகவே விலக்கு இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மறுநாளே ஆச்சி அவளை மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிப்போனார். சிகிச்சை தொடங்கியிருக்கிறது, எலும்பையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது ராத்திரி இரண்டு தோசை சாப்பிடுகிறாளாம். ஆச்சிக்கு அது போதவில்லை. எனக்கும்தான்.

உங்கள் வீட்டிலும் ஓடுகிற, கபடி ஆடுகிற, பந்து விளையாடுகிற பேத்தி இருந்தால், அவள் கையில் என்ன சீட்டு இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், சாப்பிட்டாளா என்று கேளுங்கள். மற்றதை ஆச்சிமார் கேட்டுக்கொள்வார்கள்.